பின்சீட்டில் அறுபத்தெட்டு கிலோ

எங்கள் மெக்கானிக்குகள் சங்கம் மலர் போடுகிறது. முழங்கால் மடங்க மறுத்ததால் போன சித்திரையோடு நான் வேலையை நிறுத்திக்கொண்டேன். வீட்டில் சும்மாதானே இருக்கிறான் என்று செயலாளர் வந்து உட்கார்ந்துவிட்டார். பைக் பிரேக்கை மேம்படுத்துவது எப்படி என்று நாலு பக்கம் எழுத வேண்டுமாம். இப்போது வருகிற வண்டிக்காரர்கள் போனில் பார்த்து டிஸ்க், காலிப்பர், ஹோஸ் என்று பெட்டி பெட்டியாக வரவழைத்து, மெக்கானிக் முன்னால் கொட்டி, "மாட்டிக் குடுங்க, புடிச்சா கல்லு மாதிரி இருக்கணும்" என்கிறார்களாம். அந்தக் கல்லு என்ற சொல் காதில் விழுந்ததுமே எனக்குப் பழைய எரிச்சல் வந்துவிட்டது. எழுதித் தருகிறேன் என்றேன். மேம்படுத்துவது எப்படி என்பது இதில் கொஞ்சம்தான் இருக்கும். அதைச் செய்யப்போய் ஒரு மனுஷனின் பிழைப்பில் நான் எப்படி மண் அள்ளிப் போடப் பார்த்தேன் என்பதுதான் அதிகம்.

எனக்குச் சொந்த ஊர் திருமழிசைப் பக்கம். அப்பாவுக்கு ஒன்றரை ஏக்கர் நிலம் இருந்தது. நான் படிப்பை விட்டபோது அது பிளாட் போடப்பட்டுவிட்டது. இரண்டு வருஷம் சைக்கிள் கடை, மூன்று வருஷம் ஸ்கூட்டர் கடை. அதற்குப் பிறகு கரையான்சாவடியில் மஸ்தான் பாய் பட்டறை. அங்கே போனவன் கடைசிவரை அங்கேயே இருந்தேன்.

பாய் எங்களுக்கு ஹெட் மெக்கானிக், பட்டறையில் பாதிப் பங்கும் அவருடையது. பூந்தமல்லிக்காரர். தொண்ணூறு கிலோ இருப்பார், குரல் மட்டும் ஐந்து கிலோ. அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. வேலை தப்பாக இருந்தால், "இன்னொரு தபா பாரேன்" என்பார். அது என்ன தப்பு என்று சொல்ல மாட்டார். நாமே தேடிக் கண்டுபிடிக்கும்வரை பக்கத்தில் நின்று டீ குடித்துக்கொண்டிருப்பார். திட்டிவிட்டால் கூடத் தேவலை என்று இருக்கும்.

பிரேக் வேலைக்கு அவர் வைத்திருந்த முறை மாறவே மாறாது. டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கிற பேடைத் தொடுமுன் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். பழைய பேடைப் பேப்பரில் சுற்றி வண்டிக்காரர் கையில் கொடுக்க வேண்டும், எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று அவரே பார்க்கட்டும் என்பதற்காக. பிரேக் ஆயிலைப் புதிதாக உடைத்த டப்பாவிலிருந்துதான் ஊற்ற வேண்டும். பாதி டப்பா மிஞ்சினால் கொட்டிவிடுவார், அது காற்றிலிருக்கிற ஈரத்தைக் குடித்துவிடும் என்று. ஆயிலில் சிக்கிய காற்றை எடுக்கும்போது லீவரைப் பிடி, பிடித்தபடி வை, காற்று போகிற நிப்பிளைத் திற, மூடு, அப்புறம் லீவரை விடு. இந்த வரிசையில் ஒன்று மாறினாலும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். கடைசியாக ஒரு விதி இருந்தது. பிரேக் வேலை செய்தவன், வண்டிக்காரர் முதல்முறை ஓட்டிப் பிரேக் பிடிக்கும்போது அவருக்குப் பின்னால் உட்கார்ந்து போக வேண்டும். நாம் ஓட்டி அவரைப் பின்னால் வைப்பது கிடையாது. அவர் ஓட்ட, நாம் பின்னால்.

நான் சேர்ந்த இரண்டாம் மாதம், செயினுக்குக் கிரீஸ் போட்ட கையோடு ஒரு பள்ளிக்கூட வாத்தியாரின் வண்டிக்குப் புதுப் பேட் மாட்டினேன். பாய் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். வாத்தியார் வண்டியை எடுத்ததும், "பின்னாடி குந்து சேகரு" என்றார். டிரங்க் ரோட்டில் ஒரு பஸ்ஸின் பின்பக்கம் எங்களை நோக்கி வந்துகொண்டே இருந்தது. வாத்தியார் பிடிக்கிறார், பேட் சீறுகிறது, வண்டி நிற்கிற மாதிரி தெரியவில்லை. பஸ்ஸின் எமர்ஜென்சி கதவில் எழுதியிருந்ததை எழுத்துக் கூட்டிப் படித்து முடித்தபிறகுதான் நின்றது. அன்றிலிருந்து சோப்பு இல்லாமல் நான் பேடைத் தொட்டதில்லை.

இன்னொன்று, கொரட்டூரிலிருந்து வந்த ஒரு பால்காரருடையது. இரண்டு பக்கமும் கேன் தொங்கும் பழைய வண்டி, முன்னால் டிரம் பிரேக். வேறு மூன்று இடத்தில் புது பிரேக் ஷூ போட்டுப் பார்த்துவிட்டார். டிஸ்க் மாற்றித் தரச் சொல்லி வந்தார். "நிக்குது சார், ஆனா எப்ப நிக்கும்னு எனுக்கே தெர்ல" என்றார். பாய் அவரைப் போகச் சொல்லவும் இல்லை, டிஸ்க் எடுத்து வரவும் இல்லை. கேபிளைக் கழற்றினார், உள்கம்பி துருப்பிடித்து உறைக்குள் உராய்ந்துகொண்டிருந்தது. கேபிள் இழுத்துத் திருப்புகிற டிரம்மின் கேம் கை ஒரு பல் தள்ளி மாட்டப்பட்டிருந்தது. பிடிக்கும்போது கேபிளுக்கும் அந்தக் கைக்கும் நடுவில் மூலைமட்டம் வைத்த மாதிரி செங்கோணம் வர வேண்டும், அப்போதுதான் இழுக்கிற பலம் முழுதாகப் போய்ச் சேரும். கேபிளை மாற்றி, கையை ஒரு பல் திருப்பி மாட்டினார். அவ்வளவுதான். பால்காரர் ஓட்டிவிட்டு வந்து லீவரையே பார்த்துக்கொண்டு நின்றார். "நிக்கிறது வேற, நிக்கப்போவுதுன்னு கைக்குத் தெரியிறது வேற. ரெண்டும் வோணும்" என்று பாய் என்னிடம் சொன்னார். பத்து வருஷத்துக்கு ஒருமுறை அவர் இவ்வளவு நீளமாகப் பேசுவார்.

இதெல்லாம் தெரிந்த நான்தான் அந்தத் தப்பைச் செய்தேன். அப்போது எனக்கு ஐம்பது வயது. பிரேக் சேகர் என்று ஆவடிவரை பேர். தலைக்கனம் என்றால் கொஞ்சநஞ்சமில்லை.

லோகநாதன் என்று ஒருவர், லோகு என்று கூப்பிடுவோம். முப்பத்தைந்து வயது இருக்கும். அம்பத்தூர் எஸ்டேட்டில் இரும்புத் தகடு வெட்டுகிற ஒரு பிரஸ் ஷாப்பில் ஆபரேட்டராக இருந்தவர். பிரஸ்ஸில் கை மாட்டி வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போய்விட்டன. எஸ்டேட் பக்கம் இது அதிசயமில்லை, டீக்கடையில் பத்துப் பேர் கிளாஸ் பிடித்தால் ஒருத்தர் கையாவது அப்படி இருக்கும். கைக் காயம் ஆறி வந்தவருக்கு மறுபடி பிரஸ்ஸில் இடமில்லை. சாம்பிள் பெட்டியைப் பைக்கில் கட்டிக்கொண்டு முலாம் பூசுகிற பிளேட்டிங் கம்பெனிகளுக்குக் கொண்டுபோய்க் கொடுத்து வாங்கி வரும் வேலை இருந்தது, அதைத் தருகிறோம் என்றார்கள். ஒரு நிபந்தனை. கம்பெனியின் சேஃப்டி ஆபீசர் திங்கட்கிழமை காலையில் யார்டில் வைத்துச் சோதிப்பார். பின்னால் சுமையோடு நாற்பதில் வந்து சாக்பீஸ் கோட்டுக்குள் வண்டியை நிறுத்த வேண்டும், மூன்று முறை. நின்றால் வேலை. இல்லையென்றால் கணக்கு முடித்து வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். லைசென்ஸுக்கு டாக்டர் சர்டிபிகேட் எல்லாம் வாங்கிவிட்டார். முன்பிரேக்கில்தான் சிக்கல். மிச்சமிருக்கும் மோதிர விரலையும் சுண்டு விரலையும் வைத்து லீவரை இழுக்கப் பலம் போதவில்லை. பின்பிரேக்கை மட்டும் மிதித்தால் வண்டி வழுக்கிக்கொண்டு கோட்டைத் தாண்டிப் போகிறது.

"ரெண்டு வெரல்ல நிக்கிற மாரி பண்ணிக் குடுண்ணே" என்று வியாழக்கிழமை வண்டியை விட்டுவிட்டுப் போனார். எவ்வளவு நாள் என்று கேட்டேன். "எனுக்கு இருக்கிறது திங்கக்கெழம வரிக்கும்தான்" என்றார்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? புது பேட் போட்டேன், டிஸ்க்கைச் சுத்தம் செய்தேன், அதுவரைக்கும் சரி. பலம் போதவில்லை என்கிறாரே என்று பெரிய பைக் ஒன்றின் மாஸ்டர் சிலிண்டரை, லீவர் இழுத்ததும் ஆயிலைத் தள்ளுகிற சாமானை, கொண்டுவந்து ஹேண்டில்பாரில் மாட்டினேன். பெரிய வண்டியை நிறுத்துகிற சாமான் சின்ன வண்டியைச் சுண்டு விரலில் நிறுத்தும் என்பது என் கணக்கு. லீவரைப் பிடித்துப் பார்த்தேன். அரை இஞ்ச் போனதும் இறுகி நின்றது. கல்லு. எங்கள் பக்கம் வண்டிக்காரர்கள் எல்லாரும் இதைத்தான் கேட்பார்கள். ஸ்டாண்டில் நிற்கிற வண்டியின் லீவரை ஒருமுறை அழுத்திப் பார்த்து, "சூப்பரா கீதுபா, கல்லு மாரி" என்று சொல்லிவிட்டுக் கிளம்புவார்கள். அந்தக் கல்லுக்குத்தான் எனக்குப் பேர் கிடைத்திருந்தது.

இதில் இருக்கிற விஷயம் சிரிஞ்சைப் பார்த்தவர்களுக்குப் புரியும். மெலிசான சிரிஞ்சில் மருந்தைத் தள்ளுவது சுலபம், ஆனால் நீளமாகத் தள்ள வேண்டும். தடித்த சிரிஞ்சில் கொஞ்சம் தள்ளினாலே நிறைய போகும், ஆனால் கட்டைவிரல் வலிக்கும். மாஸ்டர் சிலிண்டரும் அதேதான். துவாரம் பெரிதானால் லீவர் சீக்கிரம் இறுகும், அதே விரல் பலத்துக்குப் பிரேக்கில் கிடைக்கிற அழுத்தம் குறையும். கையில் பலம் உள்ளவனுக்கு அது தெரியாது, இன்னும் கொஞ்சம் அழுத்திக்கொள்வான். நான் நாலு விரலால் அழுத்திப் பார்த்தேன். எனக்கு அருமையாக இருந்தது.

வெள்ளிக்கிழமை மதியம் லோகு வந்தார். பாய் தொழுகைக்குப் போயிருந்தார். ஓட்டிப் பார்க்கும்போது பின்னால் நான் உட்கார்ந்திருக்க வேண்டும். எதிரே இரண்டு வண்டி பிரித்துக் கிடந்தது, வெயில் வேறு. முப்பது வருஷமாகப் பிரேக் போடுகிறேன், எனக்கு இன்னும் பின்சீட்டா என்று தோன்றியது. லோகு நின்ற வண்டியின் லீவரைப் பிடித்துப் பார்த்தார். முகத்தில் ஏதோ ஒன்று ஓடியது, ஆனால் நான் சிரித்துக்கொண்டே நின்றதால், "நல்லா கீதுண்ணே" என்றார். போய் வா என்றேன்.

முக்கால் மணி நேரத்தில் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். கரையான்சாவடி மெயின் ரோட்டில் முன்னால் போன ஷேர் ஆட்டோ ஆளை ஏற்ற நின்றிருக்கிறது. இவர் பிடித்திருக்கிறார், கல் கல்லாகவே இருந்திருக்கிறது. ஹெட்லைட் உடைந்து, முழங்கை சிராய்த்திருந்தது. ஆட்டோக்காரர் இறங்கி வந்து அந்தக் கையைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போய்விட்டாராம். அதுதான் இவரை அதிகமாகச் சுட்டிருக்க வேண்டும்.

கத்துவார் என்று காத்திருந்தேன். கத்தவில்லை. "நீ நல்லாத்தான் போட்டுக் குட்துருக்கண்ணே. இந்தக் கை வேலைக்கு ஆவாது. திங்கக்கெழம நான் போவல" என்று சொல்லிவிட்டு, வண்டியை விட்டுவிட்டு பஸ் ஏறப் போனார். கையில் ஸ்பேனரோடு நான் நின்றேன். கூப்பிட்டு, இல்லையப்பா, தப்பு என்னுடையது என்று சொல்ல எனக்கு அந்த நிமிஷமே தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லை. உண்மையைச் சொன்னால், அவர் கைதான் காரணம் என்று நானும் பாதி நம்பினேன். மீதிப் பாதிக்கு வாய் வரவில்லை.

பாய் வந்தார். உடைந்த ஹெட்லைட்டைப் பார்த்தார். லீவரைச் சுண்டு விரலால் ஒருமுறை இழுத்தார், விட்டார். அவர் கேட்டது ஒன்றே ஒன்று.

"நீ பின்னாடி குந்தினியா?"

இல்லை என்றேன். அவர் இன்னொரு தபா பாரேன் என்று சொல்லவில்லை. பிளாக் டேப்பை எடுத்து வந்தார். என் வலது கையைப் பிடித்து, ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் உள்ளங்கைக்குள் மடக்கி, நாலு சுற்றுச் சுற்றி ஒட்டினார். "இப்பப் புடி" என்றார். பிடித்தேன். லீவர் அசையவே அசையாத மாதிரி இருந்தது. மோதிர விரல் வெளுத்ததுதான் மிச்சம். பாய் டீக்கடைப் பக்கம் போய்விட்டார். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது எனக்கு.

அந்த டேப்பை நான் அவிழ்க்கவில்லை. சனிக்கிழமை முழுவதும் அந்தக் கையோடுதான் வேலை பார்த்தேன். ஒரு போல்ட்டுக்குப் பத்து நிமிஷம் ஆனது. பெரிய மாஸ்டர் சிலிண்டரைக் கழற்றிக் கடாசினேன். வண்டியோடு வந்ததைவிடவும் துவாரம் சின்னதாக ஒன்றைப் போட்டேன். லீவர் நீளமாகப் போகுமே, அந்த நீளம் வீணாகக் கூடாது என்று ஆயில் போகிற ரப்பர் ஹோஸை எடுத்துவிட்டு எஃகுப் பின்னல் ஹோஸ் போட்டேன். ரப்பர் அழுத்தத்தில் கொஞ்சம் உப்பிக்கொள்ளும், இது உப்பாது. பிறகு மாஸ்டர் சிலிண்டரின் கிளாம்ப்பைத் தளர்த்தி, ஹேண்டில்பாரில் உள்பக்கமாக நகர்த்தினேன், லீவரின் முனைக் குமிழ் மோதிர விரலுக்கும் சுண்டு விரலுக்கும் அடியில் வருகிற அளவுக்கு. கதவைக் கீல் பக்கம் தள்ளுவதற்கும் ஓரத்தில் தள்ளுவதற்கும் உள்ள வித்தியாசம் அது. நான்கு முறை காற்று எடுத்தேன். மடக்கி ஒட்டிய கையோடு பட்டறைச் சந்தில் முப்பது முறை ஓட்டி, நிற்கவிடாமல் வேகம் குறைத்துக் குறைத்துப் பேடைப் பழக்கினேன். இரண்டு விரலில் நின்றது. அது மட்டுமில்லை, எங்கே நிற்கப்போகிறது என்று அந்த இரண்டு விரலுக்கும் முன்கூட்டியே தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கொரட்டூரில் லோகு வீட்டுக்கே வண்டியை ஓட்டிக்கொண்டு போனேன். அவர் வர மாட்டேன் என்றார். அவர் மனைவி டீ கொடுத்தபடி, இவனுக்கு எதற்கு இந்த அக்கறை என்பது போலப் பார்த்தார். சும்மா ஒரு ரவுண்டு என்று கெஞ்சித்தான் கூட்டிப்போனேன். நின்றபடி லீவரைப் பிடித்ததுமே அவர் முகம் சுருங்கியது. "இன்னாண்ணே இது, பஞ்சு மாரி உள்ள போவுது" என்றார். அவரும் எங்கள் ஊர்க்காரர்தானே, கல்லுதான் பிரேக் என்று பழகியவர்.

குத்தம்பாக்கத்தில் புது பஸ் ஸ்டாண்டு கட்டுகிற பக்கம் அகலமான ரோடு ஆள் அரவமில்லாமல் கிடக்கும். அவர் ஓட்ட, நான் பின்னால். நாற்பதுக்குப் போய் நிறுத்தச் சொன்னேன். வண்டி பின்பக்கம் இழுத்துக்கொண்டு வழுக்கி நின்றது. தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தேன். விரல் லீவரைத் தொடவே இல்லை. இரண்டாம் முறையும் காலால்தான் மிதித்தார். மூன்றாம் முறை வண்டியை ஓரம் கட்டிவிட்டு, ஹேண்டில்பாரில் தலையைச் சாய்த்துக்கொண்டார்.

நம்பாத கையை வைத்துக்கொண்டு எந்தப் பிரேக்கையும் பிடிக்க முடியாது. அந்த நம்பிக்கையைக் கெடுத்தவன் பின்சீட்டில் உட்கார்ந்திருந்தான். முகத்தைப் பார்த்துச் சொல்லத் தைரியமில்லை, முதுகைப் பார்த்துச் சொன்னேன்.

"லோகு, வெள்ளிக்கெழம இடிச்சது உன் கையால இல்லப்பா. நான் தப்பான சாமானப் போட்டேன். நாலு வெரல் இருக்கிறவனுக்கே அது கஷ்டம். ஓட்டிப் பாக்கும்போது கூட வரணும், அதுவும் வரல."

அவர் தலையைத் தூக்கவில்லை. சாய்ந்தபடியே பேசினார்.

"ரெண்டு நாளா இந்தக் கைய வெட்டிப் போட்டா இன்னான்னு நெனச்சிகினு கீறேன். நீ இன்னிக்கி வந்து சொல்ற."

இறங்கிப் போ என்று சொல்லியிருந்தால் இறங்கி நடந்தே வந்திருப்பேன். அவர் அதையும் சொல்லவில்லை. வண்டியை ஸ்டார்ட் செய்தார். கியர் மாறுகிற வேகத்திலேயே கோபம் தெரிந்தது. நாற்பதையும் தாண்டிப் போனார். காலை எடுத்துவிட்டு இரண்டு விரலால் லீவரை இழுத்தார். நான் இதற்குத் தயாராக இல்லை. என் ஹெல்மெட் அவர் ஹெல்மெட்டில் மோதியது, மூக்கில் ரத்தம் எட்டிப் பார்த்தது. வண்டி நேராக, அலுங்காமல் நின்றிருந்தது. லோகு தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு மறுபடி கிளப்பினார். பதினேழு முறை நிறுத்தினார். எண்ணிக்கொண்டு வந்தேன், எனக்கு வேறு வேலை இல்லை.

திங்கட்கிழமை நானும் கம்பெனிக்குப் போனேன். கூப்பிடவில்லை, போனேன். சேஃப்டி ஆபீசர் மெல்லிய மனிதர், கையில் அட்டை வைத்த ஃபார்ம். சுமைக்கு இரும்புத் தகடு கட்டச் சொன்னார். வேலை செய்தவன் பின்னால் உட்காருவது எங்கள் பட்டறை வழக்கம், சுமைக்கு நானே உட்காருகிறேன் என்றேன். அவர் லோகுவைப் பார்த்தார். லோகு என் பக்கம் திரும்பாமலே, "குந்தட்டும் சார்" என்றார். ஆபீசருக்கு எடை தெரிய வேண்டும். யார்டில் ஸ்கிராப் நிறுக்கிற தராசு இருந்தது, அதில் ஏறி நின்றேன். உடைந்த தகடுகளுக்கு நடுவில் என்னை நிறுத்து எழுதிக்கொண்டார்.

முதல் முறை கோட்டுக்கு ஒரு முழம் முன்னால் நின்றது. இரண்டாவது ஒரு சாண். மூன்றாவது முறை முன்சக்கரம் கோட்டைத் தொட்டபடி நிற்க, ஆபீசர் குனிந்து பார்த்துவிட்டுத் தலையாட்டினார். லோகு வண்டியை ஆஃப் செய்தார். அப்போதுதான் பின்னால் திரும்பி, "மூக்கு எப்டி கீதுண்ணே?" என்று கேட்டார். வலிக்குது என்றேன். சிரித்தார்.

சாயங்காலம் பட்டறைக்கு வந்து பாயிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு, விரல்களில் ஒட்டியிருந்த பிளாக் டேப் பசையை மண்ணெண்ணெய் தொட்டுத் துடைக்கச் சொன்னார். பாய் இப்போது இல்லை. லோகு இன்னும் அந்த வேலையில்தான் இருக்கிறார். நான் பட்டறையில் இருந்தவரை வருஷத்துக்கு ஒருமுறை பிரேக் ஆயில் மாற்ற வருவார், மாற்றியதும் நான் சொல்லாமலே பின்சீட்டைத் துடைத்துவிட்டு நிற்பார்.

மலரில் போட என் போட்டோ ஒன்று வேண்டும் என்று செயலாளர் கேட்டிருக்கிறார். அதற்குப் பதிலாக அந்த ஃபார்மின் ஜெராக்ஸைத் தருகிறேன், லோகு எனக்குக் கொடுத்தது. ஓட்டுநர் பெயர் என்ற இடத்தில் லோகநாதன் என்று இருக்கும். மெக்கானிக் பெயருக்கு அதில் இடம் கிடையாது. மூன்றாவது வரியில் நான் இருக்கிறேன். சுமை: ஆள் ஒருவர், 68 கிலோ.